மைக்செட்டுக்கு வாய் அதிகம்

மைக்செட் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை, மருந்துக்கடையில் வைத்த பெயர். அப்போது அவளுக்கு ஏழு வயது. அம்மா அந்தக் கடையில் பில் போடுகிறவள். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராகக் கடைக்கு வந்து, பில் மேஜைக்குப் பக்கத்திலிருந்த உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஐந்தரை மணிக்கு அப்பா பட்டறை முடிந்து வந்து எதிர்ச் சாரியில் சைக்கிளை நிறுத்துவார். நடுவில் ஒரு தெருவே ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி இருவருக்கும் கவலை கிடையாது. கணக்கு டீச்சர் யாரைத் திட்டினார், யார் பென்சிலை யார் அமுக்கினார்கள் என்று அன்றைய கதை முழுவதையும் அவள் ஸ்டூலில் இருந்தபடியே சொல்லி முடித்துவிடுவாள்.

அப்பாவுக்குக் காது கேட்காது. இருபது வருஷம் இரும்பு அறுக்கிற சத்தத்தில் நின்றவர். கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த காது, மகளுக்கு இரண்டு வயதாகும்போது சுத்தமாகப் போய்விட்டது. அவர் பேசுவார், அடுத்தவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அதனால் அவளுக்குப் பேச்சு என்றாலே வாயை நன்றாகத் திறந்து, மூடி, வளைத்துக் காட்டுவது என்று பழகிவிட்டது. கூடவே கத்துவாள். கத்துவது வீண் வேலை, அவர் பார்ப்பது உதட்டை மட்டும்தான் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. கேட்டால்தானே.

ஒரு நாள் தொண்டைக்கு மாத்திரை வாங்க வந்த பெரியம்மா ஒருவர், கையில் எடுத்த சில்லறையை மறந்து அப்படியே நின்றுவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இந்த மைக்செட்டைப் பெத்தது யாரு?" என்று கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். திட்டு விழப்போகிறது என்று நினைத்து மன்னிப்பையும் முன்கூட்டியே கேட்டுவைத்தாள். வந்தவர் திட்டவில்லை. வேற்று மொழித் தொடர்களுக்குத் தமிழில் குரல் சேர்க்கிற ஸ்டுடியோவில் அவர் டப்பிங் இன்சார்ஜ். எந்த முகத்துக்கு எந்தக் குரல் என்று முடிவு பண்ணுவதும், பேச வருகிறவர்களைக் கட்டி மேய்ப்பதும் அவர் வேலை. குழந்தைக் குரலுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்.

ஸ்டுடியோ என்றதும் மைக்செட் விளக்கு, மேடை, கைத்தட்டல் என்று எதையெதையோ கற்பனை பண்ணிக்கொண்டு போனாள். அங்கே இருந்தது பல் கிட்டிப்போகிற அளவுக்குக் குளிர்ந்த ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்த துணி. ஒரு மைக், பேப்பர் வைக்க ஒரு ஸ்டாண்ட், எதிரே ஒரு திரை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு என்ஜினியர். மைக் எட்டவில்லை என்று காலுக்கடியில் மரப்பெட்டி போட்டார்கள். ஹெட்போன் நழுவாமல் இருக்க ஹேர்பின் குத்தினார்கள். இஸ்திரி போட்ட சீருடை சரசரக்கிறது, துவைத்து நைந்துபோன பருத்திச் சட்டையில் வா என்றார்கள். இரண்டாம் நாள், ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஒரு காட்சியில் அவள் வயிறு கடமுடா என்று கத்தி, அதுவும் அழகாகப் பதிவாகிவிட்டது. அன்றிலிருந்து டேக்குக்கு முன்னால் இரண்டு பிஸ்கெட் தின்றாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த ஒரு சட்டத்தை மட்டும் அவள் ஒரு நாளும் மீறியதில்லை.

முதல் ஒரு வருஷம் கூட்டத்துக்குள் கத்துவதும், தொட்டில் குழந்தைக்கு அழுவதும், தும்முவதும்தான் வேலை. அழுகையில் அவள் கெட்டிக்காரி. பசி அழுகை, விழுந்த அழுகை, பொய் அழுகை என்று கேட்டதைக் கேட்டபடி கொடுப்பாள். எட்டு வயதில் முதல் வசனம் கிடைத்தது. பாலைக் கொட்டிவிட்ட ஒரு வாண்டு, "என் பால், என் பால்" என்று அழ வேண்டும். அவ்வளவுதான் வசனம்.

அது டிவியில் வந்த அன்று, மாடியில் இருந்த நாலு குடும்பமும் அவர்கள் வீட்டு ஒற்றை அறையில் அடைந்துகொண்டது. பால் கொட்டியது, வாண்டு அழுதது, அறையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் எல்லாரும் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரித்தார். அவர் டிவியைப் பார்க்கவில்லை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மகள் பார்த்துவிட்டாள்.

எல்லாரும் போனபிறகு அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதில் நீ பேசியது எது என்று கேட்டார். சொன்னாள். அவர், "அந்தப் புள்ள வாய் வேற என்னமோ பேசுச்சே. அந்த வாயில உன் பேச்சு இல்லையேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். அவருக்கு டப்பிங் படம் என்றாலே இதுதான் கதி. உதடு ஒரு மொழியில் அசையும், அது அவருக்குத் தெரியாத மொழி. தமிழ் எங்கேயோ காற்றில் மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

ஊரெல்லாம் கேட்கிற அவள் குரல், வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் வந்து சேரவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். ஒரே ஒரு வசனம். டிவியில் யாரோ ஒரு முகம் வாயசைக்க, யாரும் சொல்லித்தராமல், அப்பா அதைத் தானே படிக்க வேண்டும். அதுவரைக்கும் விடுவதில்லை. எட்டு வயதில் எடுக்கிற முடிவெல்லாம் மறுநாள் ஐஸ்கிரீமைப் பார்த்தால் கரைந்துபோகும் என்று அம்மா நினைத்தாள். அவளுக்குத் தன் மகளைச் சரியாகத் தெரியவில்லை.

முதல் முட்டுக்கட்டை அவள் வாயே. அப்பாவுக்குக் காட்டிக் காட்டிப் பழகிய வாய் அல்லவா, ஒவ்வொரு 'ப'வும் மைக்கில் போய்ப் பட்டாசாக வெடித்தது. என்ஜினியர் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "'ப' வெடிக்குது, ஒன் மோர்" என்பார். ஒரே வரிக்குப் பதினான்கு ஒன் மோர் வாங்கிய நாளும் உண்டு. கடைசியில் அவரே ஒரு வழி காட்டினார். ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பம்பரம்' என்று சொல்ல வேண்டும், காகிதம் ஆடக்கூடாது. அவள் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பம்பரம் விட்டாள். வாயை முழுசாக அசைத்து, மூச்சை மட்டும் குறைக்கக் கற்றுக்கொள்ள நாலு மாதம் ஆயிற்று. அப்பாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவருக்கு வேண்டியது உதடுதானே. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பயந்துபோய், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோமே என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது முட்டுக்கட்டையும் வாய்தான், வேறு அர்த்தத்தில். ப, ம இந்த இரண்டும் வந்தால் உதடு ஒட்டியே தீரும். திரையில் உதடு ஒட்டும்போது பேப்பரிலும் அப்படி ஓர் எழுத்து இருந்தால்தான் பேச்சு அந்த வாயிலிருந்து வருவதாகத் தோன்றும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் பேசி முடிக்கிற அவசரத்தில், முன்னே பின்னே இருந்தால் தள்ளி ஒட்டவைத்துக்கொள்வார்கள். மைக்செட் விடமாட்டாள். பெட்டிமேல் நின்றபடி, "இங்க வாய் மூடுது. பேப்பர்ல மூடுற எழுத்தே இல்ல" என்பாள். முதல் தடவை எல்லாரும் ஆச்சரியப்பட்டுச் சிரித்தார்கள். ஐந்தாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. வசனம் எழுதுகிறவர் இருபத்தைந்து வருஷம் எழுதியவர், மூக்குக்கு மேல் கண்ணாடியும் அதற்கு மேல் கோபமும் உட்கார்ந்திருக்கும். "இதுக்கு வாய் அதிகம்" என்றார். குரல் கொடுக்க வந்தவளைப் பார்த்துச் சொல்கிற குறையா அது என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

அவளுக்குப் பத்து வயதானபோது ஒரு புதிய தொடர் வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையனின் கதை. திரையில் நிஜப் பையன், பெரிய பெரிய முகக் காட்சிகள். பையன்களுக்குப் பெண் குழந்தைகள் பேசுவது இந்தத் தொழிலில் சகஜம். அவள் அந்த முகத்தைப் பார்த்ததுமே, இந்த வாய்தான் என்று மனசுக்குள் குறித்துவைத்துக்கொண்டாள். குரல் தேர்வில் நன்றாகவே பேசினாள். பேசி முடித்துவிட்டு, மூன்றாவது வரி ஒட்டவில்லை என்று வாயையும் விட்டாள். வேலை வேறொரு பையனுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஸ்டுடியோவிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அம்மாதான் தவித்துப்போனாள். மகளோடு போவதற்காகக் கடையில் யார் யாரிடமோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டவள் அவள். போன் பண்ணி மன்னிப்புக் கேளு, இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லு என்றாள். மைக்செட் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள். பெரியவர்களிடம் மரியாதை இல்லாமல் பேசியதற்கு மட்டும் கேட்டாள். மூடுகிற வாய்க்கு மூடுகிற எழுத்து வேண்டும் என்பதை அவள் வாபஸ் வாங்கவில்லை.

வாங்காமல் என்ன செய்தாள் என்றால், தினமும் சாயங்காலம் டிவியை ஊமையாக்கிவிட்டு அதன் பக்கத்தில் தன் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள். வேற்று மொழிச் சேனல் ஏதாவது ஓடும். அந்த வாய் அசைய அசைய, அதற்குப் பொருந்துகிற மாதிரி தமிழ் வார்த்தை தேடி இவளும் வாயசைப்பாள். எதிரே தரையில் அப்பா. அவர் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்து, ஒட்டினால் தலையாட்டுவார், ஒட்டாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார். முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். பட்டறையிலிருந்து வந்த அலுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கியும் விழுவார். தூங்கினால் காலைச் சுரண்டி எழுப்பிவிட்டு மறுபடியும் நிற்பாள். எதற்கு இந்தப் பாடு என்று அவர் கேட்டதற்குக் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்பா பாசத்தில், படித்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிடுவார் என்று பயம்.

மூன்று மாதத்தில் சோப்பு விளம்பரத்து அம்மாள், வானிலை சொல்கிறவர், கோபக்கார அரசியல்வாதி எல்லாரையும் தமிழ் பேசவைத்துப் பார்த்துவிட்டாள். அரசியல்வாதி வாயில் அவள் வைத்த வார்த்தையைப் படித்துவிட்டு அப்பா புரையேறச் சிரித்தார்.

நாலாவது மாதம் மருந்துக்கடைக்கு போன் வந்தது. விடுதிப் பையனுக்குப் பேசிக்கொண்டிருந்த பையனுக்குப் பதின்மூன்று வயதாகி, ஒரே வாரத்தில் குரல் உடைந்துவிட்டது. தொடரில் பாதி பாக்கி இருக்கிறது. பேசினால் சின்னப் பையனும் வருகிறான், அவனுடைய மாமாவும் வருகிறார் என்று இன்சார்ஜ் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாளைக்கே வரவேண்டும். ஒரே ஒரு கண்டிஷன், பேப்பரில் இருப்பதைப் பேச வேண்டும், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா மகளுக்கும் சேர்த்துச் சரி என்றாள்.

மைக்செட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எட்டு எபிசோடு, மூச்சு விடவில்லை. ஒட்டாத வரிகளை இழுத்தும் சுருக்கியும் தன்னால் ஆன மட்டும் ஒட்டவைத்தாள். வசனம் எழுதுகிறவர் நிம்மதியாக டீ குடித்தார்.

அவள் பேசிய ஒன்பதாவது எபிசோடில் அந்தக் காட்சி வந்தது. பையன் விடுதி வராந்தாவில் நின்று அம்மாவுக்கு போன் பண்ணுகிறான். திரை முழுக்க அவன் முகம்தான். மறுமுனையில் இருப்பவளைக் காட்டவே இல்லை. சின்னதாக எதையோ கேட்கிறான், அவ்வளவுதான். பேப்பரில், "என்னை எப்போது வந்து பார்ப்பீர்கள், அம்மா?" என்று இருந்தது.

படத்தை ஓடவிட்டார்கள். பையனின் வாய் திறந்தது, அடுத்தடுத்து இரண்டு தடவை மூடியது, பிறகு லேசாகக் குவிந்து திறந்தபடியே நின்றது. எந்த வார்த்தை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் பேப்பரில் இருந்ததைத்தான் பேசினாள். அவன் வாய் அசைந்து ஓய்ந்த பிறகும் இவள் பேசிக்கொண்டிருந்தாள். ஒன் மோர். வேகமாகப் பேசினாள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் கேட்கிற மாதிரி இருந்தது. ஒன் மோர். ஏழாவது டேக்கில் என்ஜினியர் கையை விரித்துவிட்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பெட்டிமேல் நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, வாயை மட்டும் திறக்கவில்லை.

இன்சார்ஜ் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பக்கத்து மைக் பொத்தானை அழுத்தி, "சரி, வாய்க்குள்ள என்னமோ வச்சிருக்க. சொல்லித் தொலை" என்றார்.

"நான் திறக்கலாமா?"

"அதான் சொல்றேனே."

படத்தை மறுபடி ஓடவிட்டார்கள். பையன் போனைக் காதில் வைத்தான். மைக்செட், காகிதம்கூட ஆடாத மூச்சில், "எப்பம்மா வருவ?" என்றாள்.

யாரும் ஒன் மோர் சொல்லவில்லை. என்ஜினியர் திரும்பத் திரும்ப மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். அந்தப் பையனைத் தமிழ் வீட்டில் பெற்று வளர்த்த மாதிரி இருந்தது. வசனம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேப்பரை வாங்கித் தன் வரியை அடித்துவிட்டு, இரண்டே வார்த்தையைத் தன் கையாலேயே எழுதினார். எழுதிக்கொண்டே, வாய் அதிகம்தான், ஆனால் சரியான இடத்தில் மூடுகிறது என்று இன்சார்ஜ் அம்மாவிடம் முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டை எதிர்பார்ப்பது பேராசை.

அந்த எபிசோடு டிவியில் வர ஆறு வாரம் ஆயிற்று. ஆறு வாரமும் வீட்டில் அந்த இரண்டு வார்த்தையை அவள் உச்சரிக்கவில்லை. அம்மாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பா, இப்போதெல்லாம் ஏன் சாயங்காலம் டிவி பக்கத்தில் வந்து நிற்பதில்லை என்று கேட்டதற்கு, வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது என்று புளுகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வேறு யாரையும் கூப்பிடவில்லை. அப்பா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டிவியில் என்ன ஓடினாலும் அவர் வழக்கம்போல் பாதி டிவியையும் பாதி மகளையும் பார்ப்பார். அதனால் அவள் அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இப்போது அவர் திரையைத்தான் பார்த்தாக வேண்டும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படியில் நின்றாள்.

வகுப்பறை வந்தது, மைதானம் வந்தது. நடுவில் விளம்பரம் வந்தபோது அப்பா கொட்டாவி விட்டார். ஒருவேளை அந்த நேரம் பார்த்து அவர் தும்மினால், தண்ணீர் குடிக்க எழுந்தால் என்று மைக்செட் என்னென்னவோ நினைத்துக்கொண்டாள். பிறகு விடுதி வராந்தா வந்தது. பையன் போனை எடுத்தான். திரை முழுக்க அவன் முகம். வாய் திறந்தது, மூடியது, மூடியது.

அப்பாவின் முதுகு சுவரை விட்டு நிமிர்ந்தது.

அவர் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, தன் சத்தம் தனக்கே தெரியாத அந்தப் பெரிய குரலில், "எப்பப்பா வருவன்னு கேக்குறான்" என்றார்.

வாசல்படியில் நின்ற அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மைக்செட் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, திரையை மறைத்து நின்றாள். முகமெல்லாம் கண்ணீர், அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஆனாலும் தொழில் தொழில்தான். அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, அது அப்பா இல்லை, அந்தப் பையன் கேட்டது அம்மாவை, பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது என்று திருத்தினாள்.

அப்பா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"ரெண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதாம்மா மூடுது. எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கிட்டேன்."